சின்னவள் பிடித்த காது

சனிக்கிழமை, ஒகேனக்கல்.

எனக்கு இது ஏழாம் மாதம். குழந்தை பிறப்பதற்குள் இரண்டு நாள் நாம் மட்டும் இருப்போம் என்று இவர் அழைத்து வந்தார். பிள்ளைகள் இருவரும் காரிமங்கலத்தில், நாத்தனார் வீட்டில்.

சின்னவள் என் காதைப் பிடிக்காமல் தூங்கமாட்டாள். அழுதுகொண்டிருப்பாள் என்று மீன் வறுவலைப் பாதியில் வைத்துவிட்டு நாத்தனாருக்குப் போன் செய்தேன்.

"அவ அப்பவே தூங்கிட்டாளுங்க அண்ணி. என் காதப் புடிச்சிக்கிட்டேதான் தூங்குனா."

அழுதாளா என்று இரண்டு முறை கேட்டேன். இல்லையாம். அதைச் சொல்லும்போது நாத்தனாருக்கு எவ்வளவு பெருமை.

"அப்புறம் என்ன, நிம்மதியா சாப்புடு," என்றார் இவர்.

கால் வீங்குகிறது, காலையில் முதல் பஸ்ஸுக்கே கிளம்பலாம் என்று சொல்லிவிட்டேன். கால் நன்றாகத்தான் இருக்கிறது.