அப்ப என்ரை இரத்தம் எங்கை?

பெப்ரவரி 5, திங்கள்

நாளை எனக்கு இரத்தம் ஏற்றும் நாள். தலசீமியா என்பதால் என் உடம்பு செய்யும் செங்குழியங்கள் நிலைப்பதில்லை. இரண்டு வயதிலிருந்து, நான்கு கிழமைக்கு ஒருமுறை, முகம் தெரியாத யாரோ ஒருவரின் இரத்தத்தில்தான் என் ஓட்டம். இன்று பள்ளிக்கூடப் படியில் இரண்டு தரம் நின்று நின்று ஏறினேன்.

ஆனால் நூலகத்தில் ஒரு தடித்த புத்தகம் கிடைத்தது! முழுக்க இரத்தத்தைப் பற்றி. வகை மாறி ஏற்றினால் குழியங்கள் கொத்தாக ஒட்டிக்கொள்ளுமாம். அதை ஒருநாள் கண்ணால் பார்க்க வேண்டும்.

பெப்ரவரி 6, செவ்வாய்

இன்று நடந்ததை ஒழுங்காக, நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

காலையில் அம்மாவோடு ஆஸ்பத்திரி வாட்டுக்குப் போனேன். அடுத்த கட்டிலில் புதிதாக ஓர் அன்ரி. பெயர் ஞானாம்பிகை, ஊர் நீர்வேலி. ஒப்பரேஷனுக்கு முன் அவருக்கும் இரத்தம் ஏற்ற வேண்டுமாம். பெர்னடெட் மிஸி தட்டோடு வந்தார். எனக்கு நான்கு வயதிலிருந்து ஊசி குத்தும் தாதி அவர். தட்டில் இரண்டு குழாய்கள். இரண்டிலும் பெயர் முன்பே எழுதி ஒட்டியிருந்தது.

"எங்கடை புரொபெசர் வந்திட்டா. இண்டைக்கு என்ன புத்தகம்?"

"இரத்தத்தைப் பற்றித்தான் மிஸி!"

"உம்மடை உடம்பிலை இல்லாத சாமானைப் புத்தகத்திலை தேடுறீராக்கும்."

அன்ரியும் சிரித்தார். ஒட்டும் குழியங்களைப் பற்றி நான் விடாமல் அலட்டினேன். மிஸி அதைக் கேட்டபடியே அன்ரிக்கும் எனக்கும் குத்தி எடுத்துக்கொண்டு போனார். என்னிடம் பெயர் கேட்கவில்லை, ஒருநாளும் கேட்பதில்லை. அன்ரியிடமும் கேட்கவில்லை. பேச்சு முழுக்க என்னோடுதானே.

பதினொரு மணி போல, ஓர் இரத்தப் பையை அன்ரியின் கட்டில் கம்பியில் கொழுவிக்கொண்டே மிஸி சொன்னார்: "பிள்ளை, உமக்கு இன்னொருக்காக் குத்தவேணும். உம்மடை குழாயிலை வகை ஏ எண்டு வருதாம், பழைய பதிவிலை பி. இரத்த வங்கியிலை ஜெயகௌரி மிஸ் உமக்கு இரத்தம் தரமாட்டன் எண்டு ஒரேயடியாச் சொல்லிட்டா."

எனக்குள் ஒரு துள்ளல். மர்மக்கதை மாதிரி! என் பெயர் போட்ட குழாயில் வேறு யாரோ. அப்ப என்ரை இரத்தம் எங்கை?

தட்டில் இருந்தது இரண்டே இரண்டு குழாய்.

அன்ரியின் பையைப் பார்த்தேன். அதில் பெரிதாக பி.

"மிஸி, திறக்காதேங்கோ!"

வாட்டு முழுவதும் திரும்பியது. "அது என்ரை வகை மிஸி! அன்ரியின்ரை இரத்தம் என்ரை பேரிலை போனதெண்டால், என்ரை இரத்தம் அன்ரியின்ரை பேரிலை போயிருக்கும்!"

மிஸியின் விரல், இரத்தத்தைத் திறந்துவிடும் சின்னச் சில்லின்மேல் இருந்தது. விரலை எடுத்தார். பையைக் கழற்றினார்.

இருவரிடமும் புதிதாக எடுத்து அனுப்பினார்கள். அன்ரி ஏ. நான் பி. எனக்குப் பதின்மூன்று வருடப் பதிவு இருந்ததால் பிழை பிடிபட்டது. அன்ரிக்கு ஒரு பதிவும் இல்லை.

ஒரு சொட்டும் போகவில்லை! ஒரு சொட்டும்!

பெப்ரவரி 7, புதன்

நேற்று இவ்வளவு எழுதினேன். பெர்னடெட் மிஸி மருந்து அலுமாரிக்குப் பின்னால் நின்று அழுததை எழுதவில்லை.

பெப்ரவரி 12, திங்கள்

விசாரணையாம். புதன்கிழமை நானும் வந்து சொல்ல வேண்டுமாம். மிஸியை வாட்டிலிருந்து தூக்கப்போகிறார்கள் என்று அம்மாவிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

நான் கத்தினதாலை மிஸிக்கு வேலை போனால்? கத்தாமல் விட்டிருந்தால் அன்ரி— ஐயோ, ஏன் ரெண்டும் என்ரை வாயிலையே வந்து நிக்குது?

"நீ கண்டதைச் சொல்லு. காணாததைச் சொல்லாதை," என்கிறார் அம்மா. கண்டதில் நானும் இருக்கிறேனே, அலட்டிக்கொண்டு.

பெப்ரவரி 14, புதன்

ஒரு நீள மேசை. டொக்டர், வாட்டுச் சிஸ்டர், இரத்த வங்கி ஜெயகௌரி மிஸ். கடைசிக் கதிரையில் பெர்னடெட் மிஸி; என்னைப் பார்க்கவே இல்லை.

முன்பே பெயர் எழுதிய குழாய்களைச் சொன்னேன். பெயர் கேட்காததையும் சொன்னேன். பிறகு, யாரும் கேட்காமலே, "கேட்டிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். மிஸிக்கு என்னைத் தெரியும் எண்டது எனக்குப் பெருமை. கதை குடுத்து மிஸியின்ரை கவனத்தைக் குலைச்சதும் நான்தான்," என்றேன்.

ஜெயகௌரி மிஸ் பேனையைக் கீழே வைத்தார். "எல்லா வாட்டிலையும் குழாயிலை பேரை முதலே எழுதித்தானே வைக்கினம்? பெர்னடெட்டை மாத்தினால் உது மாறுமே?"

சிஸ்டர் ஒத்துக்கொள்ளக் கொஞ்சம் இழுத்தார். டொக்டர் இழுக்கவில்லை. மிஸி அதே வாட்டில்தான்! இனி வெறுங்குழாயோடுதான் கட்டிலுக்குப் போக வேண்டும். நோயாளி தன் வாயால் பெயர் சொல்ல, எடுத்த பிறகு அங்கேயே எழுத வேண்டும். புது ஆள் என்றால் வேறு வேறு நேரத்தில் இரண்டு தரம் எடுக்க வேண்டும். எழுத்துப் பிழை இருந்தால் திருத்தக் கூடாது. அந்தக் குழாயே செல்லாது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அதிசயம்! ஜெயகௌரி மிஸ் என்னை லாப்புக்குக் கூட்டிப்போனார். வெள்ளைப் பீங்கான் ஓட்டில் என் இரத்தம் ஒரு சொட்டு, பக்கத்தில் வகை பார்க்கும் மருந்து ஒரு சொட்டு. கலக்கி, மெல்ல ஆட்டினார். எங்கள் செம்மண்ணில் முதல் தூறல் விழும்போது குருணி குருணியாகத் திரளுமே, அப்படி! நான் கைதட்டிவிட்டேன்.

"இது ஓட்டிலை. ஆளுக்குள்ளை நடந்தால்?" என்றார். கையை இறக்கினேன். "நாங்கள் ஆளைக் காண்றேல்லை பிள்ளை. குழாயைத்தான் காண்றம். பேர் பிழையெண்டால் எங்கடை சரியும் பிழைதான்."

திரும்பி வரும்போது எதிரே வந்த பெர்னடெட் மிஸி, என்னைக் கண்டதும் மற்றப் பக்கத்தால் போய்விட்டார்.

பெப்ரவரி 27, செவ்வாய்

ஞானாம்பிகை அன்ரி சுகமாக வீடு திரும்பிவிட்டார். ஒரு முழு வாழைக்குலை அனுப்பியிருக்கிறார். யார் தின்று முடிப்பது!

மார்ச் 5, செவ்வாய்

மிஸி வெறுங்குழாயோடு வந்தார்.

"உங்கடை முழுப்பேர் சொல்லுங்கோ."

உங்கடை! சொல்லுங்கோ! பதினொரு வருடத்தில் முதல்முறை. இதுவரை ‘உம்மடை’, ‘சொல்லும்’தான்.

"அருள்நேசன் நிமலினி."

"பிறந்த திகதி?"

சொன்னேன். குத்தி எடுத்து, கட்டிலருகே நின்றே எழுதி, என் கண்ணுக்கு நேரே பிடித்தார். வாசித்தேன். 2009 என்பது 2008 ஆகியிருந்தது.

சொல்லவா? மறுபடியுமா? அதுவும் நானா?

"மிஸி, ஆண்டு பிழை."

குழாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். குழாயை அப்படியே மஞ்சள் கழிவுப் பெட்டிக்குள் போட்டார்.

"விசர்ப் பெட்டை. மற்றக் கையை நீட்டும்."

பழைய செல்ல ஏச்சு, பழைய ‘நீட்டும்’! நீட்டினேன். நன்றாக நொந்தது.