சாரைக்கு ஒரு ஜோடி

என் வீட்டுக்காரிக்கு,

இதை எழுதுவது நானேதான்! "தாத்தா, 'ழ'வுக்கு வால் எங்கே?" என்று முதியோர் வகுப்பு டீச்சர் சிரிக்கிறாள். 'பாம்பு' மட்டும் சுலபமாக வந்துவிட்டது.

'பாம்புக்குப் பயப்படாதே, உடனே வா' என்று என் பெயரில் வந்த கடிதங்களை எழுதியவன் நம் மகன். என்னைக் கேட்டு எழுதவில்லை. அதற்காகத்தான் இந்த வயதில் எழுத்துப் படித்தேன்.

நேற்று குளியலறையில் அந்தச் சாரைப்பாம்பை அவன் அடித்துக் கொன்றுவிட்டான். எலியைத் தவிர யாருக்கும் கெடுதல் செய்யாத ஜீவன். அடித்தது உன் முதுகில் விழுந்த அதே கட்டையால்தான். "இனிமே அம்மா என்ன சாக்கு சொல்றான்னு பார்க்கலாம்" என்றான். வாயெல்லாம் சாராய நாற்றம்.

"அதோட ஜோடி பரண்மேல ஏறினதை நான் பார்த்தேன்டா" என்றேன். முகம் வெளுத்து, கட்டிலை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனான். சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டேன்.

ஜோடியும் இல்லை, ஒன்றும் இல்லை. யார் கேட்டாலும் இருக்கிறது என்றே நீயும் சொல். மகள் வீட்டைவிட்டு நகராதே.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே. எழுதுகிற கை நன்றாக இருக்கிறது.

உன் வீட்டுக்காரன்