பத்தடி முன்னால்

மார்ச் 3

என் குதிரைத் தம்பிக்கு,

நான் நலம். என் இடது கால் மட்டும் வழக்கம்போல் தனிக்குடித்தனம். ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, துவைத்த சட்டை போடுகிறாயா என்று கேட்டால் எல்லாவற்றுக்கும் "ம்" என்று ஒரே எழுத்தில் பதில் போடுவாய். அதனால் கேட்கவில்லை.

விஷயம் இதுதான். எங்கள் பல் செட் பட்டறைக்கு ஏப்ரல் நடுவில் வெள்ளையடிக்கிறார்கள். ஐந்து நாள் விடுமுறை. பதினேழு வருஷமாக ஊரார் சிரிப்பதற்குப் பல் செய்து கொடுத்தபடி ஒரே முக்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். நானும் ஒருமுறை வெளியே போய்ச் சிரிக்கலாம் என்று உன் தீவுக்கு வரப் போகிறேன். கூட மாவு அக்கா வருகிறாள். பல் அச்சுக்கு மாவு கரைப்பவள். வாயும் அதே வேகத்தில் சுழலும். "ஏத்தமா இருந்தா நான் படகுலயே உக்காந்துக்கறேன், நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு" என்று இப்போதே நிபந்தனை போட்டுவிட்டாள்.

நீதான் அங்கே நடைபாதைகளைத் தரம் பிரிக்கிறவன் ஆயிற்றே. எங்களுக்கு இரண்டு மூன்று பாதை தேர்ந்தெடுத்து வை. மலையைக் காலண்டரில் மட்டும் பார்த்தவர்களுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். கண்ணுக்கு நிறைய, காலுக்குக் குறைய. முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்ட கதை என்று நீ சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று. நாம் இருவரும் சேர்ந்து நடந்தது பள்ளிக்கூட நாட்களோடு சரி. அதையும் சேர்ந்து என்று சொல்ல முடியாது. இந்த நொண்டி உன் அக்கா என்று யாருக்கும் தெரியக் கூடாதென்று நீ பத்தடி முன்னால் போவாய். மழை நாளில் "குடைக்குள்ள வாடா" என்று நான் கத்துவேன். நீ நனைந்துகொண்டே போவாய், திரும்ப மாட்டாய். கோபமாக எழுதவில்லை. இந்த முறை அரை மணி நேரம் என் பக்கத்தில் நட. அதற்குத்தான் வருகிறேன். அருவியெல்லாம் மாவு அக்காவுக்கு.

உன்
அக்கா

---

மார்ச் 11

அன்பு அக்காவுக்கு,

"ம்." (இரண்டு கேள்விக்கும்.)

உன் கடிதத்தைப் படகுக்காரர் கொண்டுவந்து கொடுத்தபோது பாதை வாசலுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தேன். பச்சைப் பலகை என்றால் புதியவர்களுக்கு. மஞ்சள் என்றால் பழகியவர்களுக்கு. சிவப்பு என்றால் வீட்டில் சொல்லிவிட்டு வருகிறவர்களுக்கு.

முதல் பாதை, கலங்கரை விளக்கம் வரை. முப்பத்தைந்து நிமிடம், சமதரை, கைப்பிடி உண்டு. ஒன்பது மணிக்குமேல் நிழல் கிடையாது. இரண்டாவது, அலையாத்திக் காட்டுக்குள் போகும் பலகைப் பாதை. நூறடிக்கு ஒரு பெஞ்சு. நண்டுகள் வேடிக்கை காட்டும். மாவு அக்காவை இதில் விட்டால் நண்டுகளுக்குக் காது வலிக்கும்.

மூன்றாவது, அருவிப் பாதை. இன்னும் திறக்கவில்லை, தரம் போட்டுக்கொண்டிருக்கிறேன். மூன்றிலும் அழகு இதுதான். வழி முழுக்க மரம், கடைசியில் அருவி. இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. போகும்போது இறக்கம். திரும்பும்போதும் இறக்கம். சரிவு பார்க்கும் கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து ஓர் எலுமிச்சம்பழத்தை உருட்டிப் பார்த்தேன். போகும்போது அருவிப் பக்கம் உருண்டது. வரும்போது அதே இடத்தில் வாசல் பக்கம் உருண்டது. சிரித்துவிட்டு வந்தேன். ஆனால் அந்தப் பழத்தைச் சாப்பாட்டில் பிழிய மனம் வரவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும், திட்டாதே. என் காலுக்கு எல்லாப் பாதையும் சுலபம். முன்பு நான் பச்சை போட்ட ஒரு வழியில் ஒரு அம்மா பாதியில் உட்கார்ந்து அழுதுவிட்டார். அதிலிருந்து ஒரு முறை வைத்திருக்கிறேன். இடது பூட்ஸின் அடியைச் சீவிவிட்டு, குதிகாலுக்குக் கீழே ஒரு கூழாங்கல் போட்டுக்கொள்வேன். உன்னைப்போல் நடப்பேன். உனக்கு மூச்சு வாங்கும் இடத்தில் பெஞ்சு போடச் சொல்வேன். என் குறிப்பேட்டில் அதற்கு "அக்கா நடை" என்று பெயர். சின்ன வயதில் நண்பர்கள் சிரிக்க உன்னைப்போல் நடந்து காட்டியவன், இப்போது சம்பளத்துக்கு நடக்கிறேன். ஆனால் இப்போது சிரிப்பதற்காக இல்லை அக்கா.

வா. பக்கத்தில் நடக்கிறேன்.

தம்பி

---

மார்ச் 18

தம்பிக்கு,

முதலில் சிரித்தேன். பிறகு மெழுகை அடுப்பிலேயே உருக விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். நீ தெருமுனையில் நடந்து காட்டியதை அன்று மாடியிலிருந்து பார்த்தேன். உனக்கு இதுவரை தெரியாது. அந்த நடையை யாரோ ஒரு அம்மா அழக் கூடாது என்பதற்காக இத்தனை நாள் நடந்திருக்கிறாய். சரி போ, கணக்குத் தீர்ந்தது. ஆனால் கல்லை எடுத்துவிடு. எனக்கு வாய்த்தது எனக்குப் போதும்.

இங்கே ஒரு நல்ல செய்தி. இடதில் கட்டை வைத்த என் செருப்பு ஜோடியைத் தைக்கக் கொடுத்திருந்தேன். செருப்புக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னம்மா இது, வருஷக்கணக்கா ஒரு ஓரமாத்தான் தேயும். இப்ப ரெண்டு செருப்பும் ஒண்ணா தேஞ்சிருக்கு. காலை இழுத்து வைக்கறதில்லையா?" என்றார். யோசித்துப் பார்த்தால் கொஞ்ச நாளாக வலியே இல்லை. நேற்று கைப்பிடியைத் தொடாமல் இரண்டு மாடி ஏறினேன். மாவு அக்கா, "தீவுன்னு பேரு கேட்டதுக்கே இப்படியா, போய்ட்டு வந்தா பறப்ப போல" என்கிறாள்.

தம்பி உடையாள் மலைக்கு அஞ்சாள், பார்த்தாயா. படகுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். ஏப்ரல் 17, வெள்ளிக்கிழமை.

அக்கா

---

மார்ச் 26

அன்புள்ள அக்கா,

கல்லை எடுத்து ஓடையில் எறிந்துவிட்டேன். அடி சீவாத புது பூட்ஸ் போட்டிருக்கிறேன். ஆனாலும் நடை மாறவில்லை. காலை ஊன்றினால் இடுப்பு ஒரு பக்கம் சாய்கிறது. படகுக்காரர், "என்ன தம்பி, கால்ல அடியா? ஒரு மாசமா நொண்டுறீங்களே" என்றார். பழக்கதோஷம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அருவிப் பாதையைப் பற்றி எழுதாமல் இருக்கத்தான் நினைத்தேன். திங்கட்கிழமை மழை விட்டதும் தரம் போடப் போனேன். ஈர மண்ணில் எனக்கு முன்னால் காலடித் தடம். செருப்பில்லாத பெண் கால். பத்தடி முன்னாலிருந்து தொடங்குகிறது. அதற்கு இந்தப் பக்கம் மண் சுத்தமாக இருக்கிறது. நான் நின்றால் தடமும் நிற்கிறது. நான் நடந்தால் முன்னால் புதிதாக விழுகிறது, ஆளைக் காணவில்லை. இரண்டு காலும் ஒரே ஆழம், அருமையான நேர்நடை. உள்ளே போன தடம் உண்டு, திரும்பி வந்த தடம் இல்லை.

எனக்குப் பைத்தியம் இல்லை என்பதற்காக, ஒரு தடத்தின்மேல் காகிதம் வைத்து வரைந்து அனுப்பியிருக்கிறேன். நீ அச்சு பார்த்துப் பிழைக்கிறவள். பார்த்துச் சொல்.

இன்னொன்று, எலுமிச்சம்பழம் இப்போது அருவிப் பக்கம் மட்டும்தான் உருள்கிறது. திரும்பி வரும் வழி ஏற்றமாகிவிட்டது. ஒவ்வொரு நாளும் கூடுகிறது.

அதனால் இந்த ஏப்ரல் வேண்டாம் அக்கா. டிக்கெட்டை மாற்று. வராதே.

தம்பி

---

ஏப்ரல் 4

தம்பிக்கு,

வராதே என்கிறாய். நல்லது. இதைச் சொல்ல ஒரு பேய்க் கதை தேவையா? படகுக்காரர் முன்னால், ஆபீஸ்காரர்கள் முன்னால் அக்கா காலை இழுத்துக்கொண்டு இறங்கினால் உனக்குக் கூச்சம். பத்தடியைப் பத்து மணி நேரக் கடலாக ஆக்கிக்கொண்டு போனவன்தானே நீ. டிக்கெட்டை மாற்றுகிறேன், ஏன், கிழித்தே போடுகிறேன். நாய் வாலை நிமிர்த்த முடியுமா?

மேலே உள்ளது காலையில் எழுதியது. அடிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும். இனி மதியம் எழுதுவது.

உன் காகிதத்தைக் குப்பையில் போடப் போனபோது மாவு அக்கா பிடுங்கிப் பிரித்தாள். "ஏய், இது உன் காலுடி" என்றாள். சும்மா இரு என்றேன். தரையில் விரித்து, "வச்சுப் பாரு" என்றாள். வைத்தேன்.

தம்பி, கோடு பிசகாமல் பொருந்தியது. பக்கத்து விரல்மேல் ஏறி உட்காரும் என் சுண்டு விரல்கூட அதில் இருக்கிறது. பதினேழு வருஷமாக அச்சு பார்க்கிறேன். ஆள் பொய் சொல்வார், அச்சு சொல்லாது. ஆனால் என் தடம் நேர்நடையாக எப்படி இருக்கும்? மாவு அக்காவை டேப்பால் அளக்கச் சொன்னேன். என் இரண்டு காலும் இப்போது ஒரே நீளம். மூன்று வயதுக் காய்ச்சலில் போன ஓர் அங்குலம் திரும்பி வந்துவிட்டது. அவள் கைதட்டினாள். நான் டேப்பை வாங்கி இன்னொரு முறை அளந்தேன்.

வலி சும்மா போகாது. அது எங்கே போயிருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உன் இடது காலை அளந்து எழுது. உடனே எழுது. அந்தப் பாதைக்குப் போகாதே, சம்பளம் போனாலும் பரவாயில்லை. காலையில் எழுதியதற்கு மன்னித்துக்கொள்.

அக்கா

---

ஏப்ரல் 10

அக்கா,

நேற்று வந்தவள் ஏன் சொல்லாமல் போய்விட்டாய்?

அருவிப் பாதை வாசலில் பலகைக்குப் பக்கத்தில் நின்றாய். பள்ளிக்கூட நாளில் நீ பிடித்த அந்த நீலக் குடைதான், கம்பி வளைந்தது. எவ்வளவு அழகாக நடக்கிறாய்! நான் கூப்பிடக் கூப்பிட நீ பத்தடி முன்னாலேயே போனாய். மழை பிடித்துக்கொண்டது. குடையை விரித்தாய். திரும்பிப் பார்க்கவில்லை. நான் நனைந்துகொண்டே பின்னால் வந்தேன். அப்போதுதான் புரிந்தது, பின்னால் வருகிறவருக்கு எப்படி இருக்கும் என்று. எனக்கு வேண்டியதுதான் அக்கா.

காலை அளந்தேன். ஓர் அங்குலம் குறைவு. அதை நீயே வைத்துக்கொள், உனக்கு அது நன்றாக இருக்கிறது. இப்போது நான்தான் புதிதாக நடப்பவன். அருவிப் பாதை எவ்வளவு சுலபம் தெரியுமா, கால் வைத்தால் அதுவே கூட்டிக்கொண்டு போகிறது. நேற்று அருவி வரை வந்தேன். நீ அதற்கும் அப்பால் போனாய். அங்கே பாதை இருப்பது எனக்கே தெரியாது. இருட்டிவிட்டதால் திரும்பினேன். வாசலுக்கு வர நான்கு மணி நேரம் ஆயிற்று. அந்த ஏற்றத்தை இனி ஏற முடியாது.

அடுத்தமுறை வரும்போது கடைசி வரை வருகிறேன். பலகையில் பச்சை அடித்தாகிவிட்டது.

இந்தக் கல் இன்று காலை பூட்ஸுக்குள் இருந்தது. ஓடையில் எறிந்த அதே கல். உன்னிடமே இருக்கட்டும்.

தம்பி

---

ஏப்ரல் 16, வியாழன்

என் தம்பிக்கு,

தபாலை நம்பாமல் இதைக் காலைப் படகுக்காரர் கையிலேயே கொடுக்கிறேன். "உங்க தம்பி கையில குடுத்துட்டுத்தான் சாப்பிடுவேன்" என்று சொல்லியிருக்கிறார். அவரிடம் வாங்கி, வாசலிலேயே உட்கார்ந்து, முழுவதையும் படி.

நான் வரவில்லை. ஒன்பதாம் தேதி முழுக்க என் முக்காலியில் உட்கார்ந்து ஒரு வாத்தியாருக்கு மேல்வரிசைப் பல் அடுக்கிக்கொண்டிருந்தேன். சாட்சிக்கு மாவு அக்கா இருக்கிறாள். நீலக் குடை நாம் பள்ளிக்கூடம் விட்ட வருஷமே ஆற்றோடு போயிற்று. நீ பார்த்தது என் காலோடும் என் குடையோடும் வந்த வேறு எதுவோ. அதற்கு என் நடை தெரிகிறது, நேராக்கக்கூடத் தெரிகிறது. என்னைத் தெரியவில்லை.

யோசித்துப் பார், குதிரை. மழை பெய்யும்போது உன்னைக் குடைக்குள் கூப்பிடாமல் நான் போன நாள் என்று ஒன்று உண்டா? நீ நடந்து காட்டியதை மாடியிலிருந்து பார்த்தேனே, அன்று மாலையும் மழைதான். அன்றும் கூப்பிட்டேன். அதை வைத்தே நீ கண்டுபிடித்திருக்க வேண்டாமா?

நீ அனுப்பிய கல்லைச் செருப்பில் போட்டுக்கொண்டேன். முதல் நாள் வெறும் கல்லாகத்தான் இருந்தது. நேற்று மாலை இடுப்பு ஒரு பக்கம் இழுத்தது. இன்று காலை மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்தேன். வலிக்கிறது தம்பி. எனக்கு இவ்வளவு சந்தோஷமான வலி வந்ததே இல்லை. மாவு அக்கா அளந்து பார்த்தாள், அரை அங்குலம் போயிருக்கிறது. போதும், ஆளுக்குப் பாதி. உன் கால் கொஞ்சமாவது லேசாகியிருந்தால் இது உண்மை என்று தெரிந்துகொள்.

நாளைப் படகில் வருகிறேன். மாவு அக்காவும் வருகிறாள். "ஏத்தமானாலும் பரவால்ல, நான் சத்தம் போட்டுக்கிட்டே வரேன், எந்தப் பேய் நிக்கும்?" என்கிறாள். எனக்கும் அந்த நம்பிக்கை உண்டு.

அதுவரை நின்ற இடத்திலேயே நில். ஒருவேளை இது உன் கைக்கு வருவதற்குள் நீ பாதைக்குள் போயிருந்தால், எவ்வளவு தூரம் போயிருந்தாலும், அங்கேயே உட்கார்ந்துவிடு. உனக்கு முன்னால் போகிறவளை எவ்வளவு அழகாக நடந்தாலும் பார்க்காதே. நான் மெதுவாகத்தான் வருவேன், நேரமாகும். பின்னால் ஒரு கால் இழுபடும் சத்தம் கேட்கும். குடைக்குள் வாடா என்று கூப்பிடுவேன்.

இந்த ஒரு தடவை திரும்பிப் பார்.

உன்
அக்கா