வாசலுக்கு இந்தப் பக்கம்

ஏப்ரல் 2, புதன். திருநகர்

பெட்டி கட்டி முடியவில்லை. ஜப்பானில் இன்னும் குளிராம். ஸ்வெட்டர் எடுத்துவரச் சொல்கிறாள் அங்கிருக்கும் என் மகள் திவ்யா.

காய்கறிக் கடையில் சமயநல்லூர் ஒச்சம்மாள் பிடித்துக்கொண்டாள். "ஒங்கண்ணே எங்கூரு ஆஸ்பத்திரில கெடக்காரு, போயிப் பாத்தியா?"

சோணைமுத்து அண்ணன். தன் மகனுக்குத் திவ்யாவைக் கொடுக்கவில்லை என்று, அவள் கல்யாணத்துக்கே வராத தாய்மாமன். "எனக்கு அண்ணனே இல்ல" என்று மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். ஒன்பது வருடம் ஆகிறது.

ஒச்சம்மாளிடம் கத்தரிக்காய் முத்தல் என்று ஏதோ சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 3

சமயநல்லூர் பஸ் வந்தது. ஏறவில்லை. ஏன்?

ஏப்ரல் 12, சனி. ஜப்பான்

காலையில் திவ்யா ஒரு மலைக்கோயிலுக்குக் கூட்டிப்போனாள். இந்த நாட்டின் பழைய ஷிண்டோ மதக் கோயில். உள்ளே சிலை கிடையாதாம், மலையேதான் சாமியாம். உயரமான மரங்களுக்கு நடுவே கற்படிகள். பாதி ஏறியிருப்போம், ஊரிலிருந்து இவர் போன் செய்தார்.

"ரோகிணி, ஒங்கண்ணே போயிட்டாரு."

போனை வைத்துவிட்டு, திவ்யாவிடம் சொல்லிவிட்டு மேலே ஏறினேன். நின்றிருக்க வேண்டாமா? அழுகையும் வரவில்லை. உச்சியில் மரத்தாலான பெரிய வாசல். எல்லோரும் குனிந்து கும்பிட்டு நுழைகிறார்கள். திவ்யா கையைப் பிடித்தாள்.

"அம்மா, வீட்டுல சாவுன்னா இங்க உள்ள போக மாட்டாங்க. ஆனா நீதான் அண்ணனே இல்லைன்னு சொன்னியே... போறியா?"

கட்டிக்கொடுத்தவளுக்கு அண்ணன் தீட்டு எத்தனை நாள்? ஒன்பது வருடம் பேசாதவளுக்கு? இந்தச் சாமிக்கு என்னைத் தெரியவா போகிறது? ஒரு எட்டு வைத்தால் உள்ளே. வைத்துவிட்டால் அவர் எனக்கு யாருமில்லை என்றுதானே ஆகும்?

காலு வரல. அம்புட்டுத்தேன். வாசலுக்கு இந்தப் பக்கமே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னாலதானம்மா இதெல்லாம்?" என்றாள் திவ்யா.

"இல்லடி" என்றேன். வேறு யாரால்? அவராலா, என்னாலா? யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான்.

ஏப்ரல் 13

டிக்கெட்டை மாற்றச் சொல்லிவிட்டேன். எப்படியும் முகம் பார்க்க முடியாது. எரித்துவிட்டார்கள்.

ஏப்ரல் 27, ஞாயிறு. சமயநல்லூர்

பதினாறாம் நாள். ஊர் திரும்பியதிலிருந்து பத்து நாளாகத் தினமும் அண்ணன் வீட்டுக்கு வருகிறேன். அண்ணன் மனைவி செல்லத்தாய் மதினி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பாத்திரம் தேய்த்தேன், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தேன். என்னை மன்னிக்கச் சொல்லவும் வாய் வரவில்லை.

இன்று பந்தியில் யாரோ ஒரு பெண், "இது ஆரு, புதுசா இருக்கு?" என்று கேட்டாள்.

மதினி இலையிலிருந்து நிமிரவில்லை. "அவுக தங்கச்சி" என்றாள்.

கோபம் போய்விட்டதா, ஊருக்காகச் சொன்னாளா, தெரியவில்லை. சாயங்காலம் நான் பையை எடுத்தபோது, "இருந்துட்டுக் காலைல போ" என்றாள்.

இதை அண்ணன் வீட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.