மூன்று நாள் லீவு

பிப்ரவரி 4, புதன். ஓசூர்.

காலை பனி. கம்பெனி பஸ் டிரைவர் கண்ணாடியை மூன்று முறை துடைத்தார். ஏ ஷிப்ட், ஆறு முதல் இரண்டு. இடது தோள் வலி அப்படியே.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா வாசலுக்கே வந்துவிட்டாள். பர்கூர் பக்கத்திலிருந்து மாமா போன். ஆஸ்பத்திரியில் தாத்தாவை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்களாம். இரண்டு கிட்னியும் போய்விட்டது. டயாலிசிஸ் வேண்டாமென்று தாத்தாவே கையை ஆட்டிவிட்டாராம். ஒரு வாரமோ, பத்து நாளோ.

அம்மா அழவில்லை. துணி மடித்துக்கொண்டே இருந்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். அவளைப் பெற்ற அப்பா.

லைன் லீடருக்குப் போன் செய்தேன்.

"தாத்தா இருக்காரா, தவறிட்டாரா?"

"இருக்காருங்க சார்."

"அப்ப யோசிச்சு எடும்மா. மார்ச் முடியற வரைக்கும் உனக்கு மூணு நாள்தான் இருக்கு. தாத்தா பாட்டிக்குன்னு தனி லீவு கெடையாது."

கோபமாகச் சொல்லவில்லை. அவர் குரலிலும் களைப்பு.

மூன்று நாள். இப்போது எடுத்தால் சாவுக்கு இல்லை. சாவுக்கு வைத்தால் இப்போது இல்லை.

அம்மா: "வெச்சுக்க. காரியத்துக்கு நீ இல்லன்னா ஊர்ல என்ன பேசுவாங்க? ஒரே பேத்தி."

ஆறு மணிக்கு என் வீட்டுக்காரர் தன் கம்பெனி கேன்டீனிலிருந்து கூப்பிட்டார். அவருக்கு பி ஷிப்ட். விஷயத்தைச் சொன்னேன். பின்னால் தட்டுகள் உருளும் சத்தம். "இப்பவே போ சுமதி. அவரோட பேசணும்னா இப்பதான். எனக்கு ரெண்டு நாள் லீவு இருக்கு. வெள்ளிக்கிழமை காலைல வந்துடறன்" என்றார்.

லீடருக்கு மெசேஜ் போட்டேன். வியாழன், வெள்ளி, சனி. அம்மா என்னோடு பேசவில்லை. ஆனால் அவள் பையும் தயார்.

பிப்ரவரி 5, வியாழன்.

கிருஷ்ணகிரி பஸ்ஸில் சூளகிரி வரை நின்றுகொண்டு. மகள் யாழினி என் இடுப்பில் சாய்ந்தே தூங்கிவிட்டாள். ஆறு வயதுக்கு நல்ல கனம். கி.கிரி தாண்டினால் வெயில் வேறு மாதிரி. மா மரமெல்லாம் பூ.

பதினொன்றரைக்கு வீடு. தாத்தா முன்னறைக் கட்டிலில். கால் இரண்டும் வீங்கி மினுமினுவென்று. முகம் மட்டும் சின்னதாகிவிட்டது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அடையாளம் தெரியுமோ என்று பயந்துகொண்டு நின்றேன்.

"வேலைக்குப் போலியா?"

முதல் வார்த்தை அதுதான். முப்பது வருடம் கல் குவாரியில் ஒரு நாள் விடாமல் போனவர். வெடிச் சத்தத்தில் காது போனதும் அங்கேதான்.

"கம்பெனி லீவு தாத்தா!" கத்தினேன்.

"ஸ்ட்ரைக்கா?"

அத்தை சிரித்துவிட்டாள். மாமாவின் மனைவி. இரண்டு மாதமாகத் தாத்தாவுக்கு எல்லாம் செய்வது அவள்தான். கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடக்கிறது.

பகல் முழுக்க யாராவது வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். தமிழில் கொஞ்சம், தெலுங்கில் கொஞ்சம். எல்லாரும் வாசலில் உட்கார்ந்து மெதுவாகப் பேசினோம். மாலை நான்கு மணி இருக்கும், உள்ளேயிருந்து தாத்தா:

"எல்லாரும் வெளிய ஒக்காந்துகினு என்ன பண்றீங்க? உள்ள வந்து பேசுங்கடா. கத்திப் பேசுங்க."

உள்ளே போய் உட்கார்ந்தோம். என்ன பேசுவதென்று யாருக்கும் தெரியவில்லை.

வாங்க வேண்டியது: தாத்தாவுக்குப் பவுடர், பழைய வேட்டி கிழித்த துணி போதவில்லை, யாழுவுக்கு பிஸ்கட், எனக்குத் தைலம்.

பிப்ரவரி 6, வெள்ளி.

காலை பஸ்ஸில் அவர் வந்துவிட்டார். கையில் ஓசூர் சந்தையிலிருந்து கேரட், பீன்ஸ். சாவப்போகிறவர் வீட்டுக்குக் காய்கறி வாங்கி வந்த மாப்பிள்ளை என்று மாமா கிண்டல். நானும் அவரும் ஒரே தட்டில் தோசை தின்றோம். ஏழு மாதமாக ஆளுக்கொரு ஷிப்ட். அவர் சாப்பிடும்போது இவ்வளவு சத்தம் போடுவார் என்பதே மறந்துவிட்டது.

தாத்தாவுக்கு இன்று நல்ல நாள். கஞ்சி அரை டம்ளர் இறங்கியது. யாழுவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். அவருடைய வலது கட்டைவிரலில் பாதி இல்லை. அவள் அதையே தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"எங்க போச்சு?"

"கல்லு தின்னுடுச்சி."

"வலிச்சுதா?"

"அப்ப வலிச்சுது. அப்பறம் பீடி புடிக்க தோதாப் போச்சு."

மாமா கட்டிலுக்குப் பக்கத்தில் சாக்பீஸால் தாயக் கட்டம் போட்டார். அம்மாவும் அத்தையும் ஒரு கட்சி, மாமாவும் அவரும் ஒரு கட்சி. நானும் யாழுவும் மூன்றாவது. தாத்தா கட்டிலிலிருந்தே எட்டிப் பார்த்து, "வெட்டு! அவன வெட்டு!" என்று யாழுவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாவின் காயை மாமா வெட்டினார். அம்மா அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். ஐம்பது வயதுத் தம்பியை. புரையேறச் சிரித்தோம்.

அந்த நேரம் பார்த்து எதிர் வீட்டு அம்மாள் உள்ளே வந்தார். புடவைத் தலைப்பைக் கண்ணுக்குக் கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார். "என்னா இது, சாவு வூட்ல இப்படி சிரிச்சிகினு?"

மாமா: "இன்னும் சாவு வூடு ஆவலீங்க. ஒக்காருங்க, டீ குடிங்க."

டீ குடித்தார். அடுத்த ஆட்டத்தில் அவரும் சேர்ந்தார்.

மதியம் எல்லாரும் தரையில் வரிசையாகப் படுத்தோம். ஒன்றரைக்குக் கண் மூடியவள் ஐந்துக்கு எழுந்தேன். அலாரம் இல்லாமல் இப்படித் தூங்கி எத்தனை மாதம். எழுந்ததும் முதலில் சந்தோஷம். பிறகு கட்டிலைப் பார்த்தேன். தாத்தா செத்துக்கொண்டிருக்கிறார், நான் நன்றாகத் தூங்கியிருக்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை.

பிப்ரவரி 7, சனி.

வெயில். கரண்ட் பத்து முதல் இரண்டு வரை இல்லை. விசிறி, முறை போட்டு.

காலையில் கிணற்றடியில் அத்தை. துணி அலசிக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்தேன். பக்கெட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"தப்பா எடுத்துக்காத சுமதி. நீங்கல்லாம் வந்தா வூடு கலகலன்னு கீது. நல்லாத்தான் கீது. நாளைக்கி போயிடுவீங்க. அப்பறம் நான் ஒருத்திதான். உங்க மாமா குவாரிக்கு லோடு ஓட்டப் போயிடுவாரு. தாத்தாவத் திருப்பிப் போட கூட ஆளில்ல."

ஒரு துணியை வாங்கிப் பிழிந்தேன்.

"கடைசியா எப்ப அத்த வெளிய போனீங்க?"

யோசித்தாள். நிஜமாகவே நினைவில்லை.

"இன்னிக்கி நாங்க பாத்துக்கறோம். எங்கியாவது போயிட்டு வாங்க."

முதலில் மாட்டேன் என்றாள். தாத்தாவின் மாத்திரை, கஞ்சியின் பதம், எந்தப் பக்கம் படுக்கவைத்தால் புண் படாது என்று எனக்குச் சொல்லிச் சொல்லி, கடைசியில் பத்து மணி பஸ்ஸில் சாமல்பட்டிக்குத் தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள்.

பிறகு எங்கள் முறை. மாமா கையிடுக்கில் கை கொடுத்துத் தூக்க, நான் துடைத்தேன். முதுகெலும்பு ஒவ்வொன்றும் கைக்குத் தெரிந்தது. தாத்தா கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். வலியா, என்னிடம் வெட்கமா, தெரியவில்லை. நானும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே செய்தேன். துணி மாற்றி, பவுடர் போட்டு, திருப்பிப் படுக்கவைக்க முக்கால் மணி நேரம். இதை அவள் ஒருத்தியாக ஒரு நாளைக்கு மூன்று முறை. எட்டு மணி நேரம் லைனில் நிற்பதை நான் களைப்பு என்கிறேன்.

அவர் தாத்தாவுக்கு ஷேவிங் செய்துவிட்டார். கன்னத்தை உப்பிக் காட்டினார் தாத்தா. அந்த ஒரு விஷயம் மட்டும் பழையபடி.

மாலை அத்தை வந்தாள். தலையில் கனகாம்பரம். தங்கை வைத்துவிட்டாளாம். வந்ததும் நேராகக் கட்டிலுக்குப் போய்ப் போர்வையை விலக்கிப் பார்த்தாள். "நல்லாத்தான் பண்ணிக்கீறீங்க" என்றாள்.

பிப்ரவரி 8, ஞாயிறு.

கிளம்பும் நாள். மூன்று மணி பஸ். நாளை ஏ ஷிப்ட்.

காலையிலிருந்து என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மெதுவாக, பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துச் சொல்ல வேண்டும் என்று. ஆனால் அவருக்கு மெதுவாகச் சொன்னால் கேட்காது. காதுக்குப் பக்கத்தில் குனிந்து கத்தினேன்.

"லீவு முடிஞ்சிடுச்சி தாத்தா! கெளம்பறன்!"

"ஆங்?"

"இனிமே வர முடியுமான்னு தெரியல! லீவு இல்ல!"

எதிர் வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

"கேக்குது. ஏன் கத்தற" என்றார். என் கையைத் தடவினார். அந்தப் பாதி விரல். "வந்தே. இருந்தே. போதும் பாப்பா. நான் போயிட்டன்னு போன் வந்தா வேலையப் போட்டுட்டு ஓடியாராத. பதட்டத்துல மெஷின்ல கைய வுட்டுக்காத."

சொல்ல வைத்திருந்தது எதுவும் வரவில்லை. "கஞ்சி குடி தாத்தா" என்றுதான் வந்தது.

வீட்டுக்காரர் தாத்தாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். யாழு முத்தம் கொடுத்தாள். வாசலில் மாமா வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டார். அம்மா மட்டும் பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் பக்கத்திலேயே.

"வாம்மா, பஸ்ஸு போயிடும்."

"நீங்க போங்க. நான் இருக்கன்."

அத்தை: "நீங்க போங்கண்ணி. யாழு ஸ்கூல் விட்டு வந்தா யாரு பாப்பாங்க? நான் பாத்துக்கறன்."

"இத்தினி நாளு நீ பாத்தது போதும்" என்றாள் அம்மா. பையை அவிழ்த்து, மடித்த புடவைகளைக் கொடியில் போட ஆரம்பித்தாள்.

பஸ்ஸில் அவர் தோளில் தலை வைத்துக்கொண்டேன். ஓசூர் வரை.

பிப்ரவரி 9, திங்கள்.

வேலை. டார்கெட் எட்டவில்லை. ஸ்கூல் விடும்போது நானே போய் யாழுவைக் கூட்டி வந்தேன். ஒரு மணி நேரம் தாமதமானால் கீழ் வீட்டு ஓனரம்மா பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். மாலை அம்மா போன்: "முழிச்சிருக்காரு. பேசல."

பிப்ரவரி 10, செவ்வாய்.

கம்பெனிக்குள் போன் கிடையாது, லாக்கரில்தான். இரண்டே காலுக்குத் திறந்தேன். மாமாவிடமிருந்து ஆறு மிஸ்டு கால்.

ஒன்று இருபதுக்குப் போயிருக்கிறார். அம்மா ஸ்பூனில் தண்ணீர் விட்டிருக்கிறாள். அது உள்ளே இறங்கவில்லை.

"எப்ப எடுக்கறீங்க மாமா?"

"அஞ்சு மணிக்குள்ள. ஒடம்புல தண்ணி வடியுது பாப்பா, வெக்க முடியாது."

அவரும் பி ஷிப்டுக்கு உள்ளே போய்விட்டார், போன் இல்லை. ஓனரம்மாவைக் கூப்பிட்டேன். "நானு நோட்கொள்தீனி, நீனு ஹோகம்மா" என்றார் கன்னடத்தில், நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போ என்று. யாழுவை அவரே கூட்டி வந்துவிடுவார். யூனிஃபார்மோடு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். ஓடிவராதே என்று தாத்தா சொன்னதெல்லாம் நினைவிருந்தது. ஆனாலும்.

சூளகிரிக்கு முன்னால் லாரி நெரிசல். முக்கால் மணி நேரம் பஸ் நகரவில்லை. பக்கத்து சீட்டில் ஒருவர் ஆரஞ்சு உரித்து ஒரு சுளை நீட்டினார். வாங்கித் தின்றேன். ஏன் தின்றேன் என்று தெரியவில்லை.

கி.கிரி பஸ் ஸ்டாண்ட், நாலு ஐம்பது. அம்மா போன். பின்னால் மேளம்.

"எடுத்துட்டாங்க."

"இன்னும் ஒரு மணி நேரத்துல வந்துடுவன்மா."

"வந்து யாரப் பாக்கப்போற? நாளைக்கி வேலைக்குப் போணுமில்ல. புள்ளகிட்ட போ." கொஞ்சம் நிறுத்தி, "கேட்டவங்ககிட்டல்லாம் சொல்லிட்டன். எம் பொண்ணு இருக்கும்போதே வந்து குளிப்பாட்டிட்டுப் போயிட்டான்னு" என்றாள். அப்போதுதான் அம்மா அழுதாள். மேளத்தை மீறிக் கேட்டது.

சிமெண்ட் பெஞ்சில் பத்து நிமிடம். டீ. பிறகு எதிர்ப்பக்கம் போய் ஓசூர் பஸ் ஏறினேன். வீட்டுக்குள் போகும் முன் வெளிக் குழாயடியிலேயே தலைக்கு ஊற்றிக்கொண்டேன். தண்ணீர் சில்லென்று.

பிப்ரவரி 11, புதன்.

வேலைக்குப் போனேன். லீடர், "நேத்தே தெரிஞ்சிருந்தா பர்மிஷன் குடுத்திருப்பேனே" என்றார். எனக்கே ஷிப்ட் முடிந்துதான் தெரியும். தலையாட்டினேன்.

பிப்ரவரி 13, வெள்ளி.

நேற்று பால் தெளித்தார்களாம். இன்று மதியம் அம்மா வந்தாள். கூடவே அத்தை! நம்பவே முடியவில்லை. காரியம் முடியும் முன் மருமகள் வீட்டைவிட்டுக் கிளம்பலாமா என்று அங்கே ஆளாளுக்குக் கேட்டிருக்கிறார்கள்.

"பேசட்டும்" என்றாள் அம்மா. "இவ ரெண்டு நாளு தூங்கட்டும். காரியத்துக்குக் கூட்டிகினு போயிக்கலாம்." மாமாவும் சரி என்றாராம்.

அத்தை சாப்பிடும்போதே கண் சொருகியது.

பிப்ரவரி 15, ஞாயிறு.

மேகமூட்டம். எல்லாருக்கும் லீவு. ஒரே அறை, ஐந்து பேர். அத்தை நேற்று முழுக்கத் தூங்கினாள், இன்றும். கால்மாட்டில் உட்கார்ந்து யாழு படம் வரைகிறாள். சத்தம் போடாமல் கலர் பென்சிலை எப்படி எடுப்பது என்று பழகிவிட்டாள். அவர் வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறார். அம்மா ரசம் கூட்டுகிறாள். குக்கர் விசில் வந்தால் அத்தை எழுந்துவிடுவாள் என்று சோற்றைப் பானையில் வடித்தோம்.

பன்னிரண்டு மணிக்கு அத்தை திடுக்கென்று எழுந்து உட்கார்ந்தாள். முடி அவிழ்ந்து, கண் பாதி திறந்து.

"மணி என்னா? தாத்தாவுக்குத் துணி மாத்தணுமே" என்று தரையில் கை ஊன்றினாள்.

அறையைச் சுற்றிப் பார்த்தாள். என்னை, அம்மாவை, யாழுவை. மெல்லக் கையை எடுத்துக்கொண்டாள்.

"படுங்கத்த" என்றேன்.

படுத்துக்கொண்டாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி. அம்மா போர்வையை இழுத்துவிட்டாள்.