குளிர்காலத்தில் எண்ணக் கூடாது

வெர்மான்ட்
ஜனவரி, பனி விடாத ஒரு செவ்வாய்

அன்பு மகள் ஓடீலுக்கு, அப்பா சொல்லச் சொல்ல அடுத்த வீட்டு லோர்னா எழுதுவது. நான் இருக்கிறேன். முழங்கால்தான் எனக்கு முன்னால் போய்விடும் போலிருக்கிறது. விறகு மார்ச் வரை வரும்.

உன் கடிதத்தை லோர்னா படித்துக் காட்டினாள். அடுத்த மாதம் உன் மாணவர்கள் விளக்கோடு வந்து, நம் நிலத்துப் பழைய செம்புச் சுரங்கத்தில் தூங்கும் வௌவால்களை எண்ண வேண்டும், அந்த எண்ணிக்கை இல்லாவிட்டால் உன் கணக்கும் நிற்காது, பல்கலைக்கழகத்தில் உன் வேலையும் நிற்காது என்று எழுதியிருக்கிறாய்.

வௌவால்களின் மூக்கில் வெள்ளைப் பூஞ்சை நோய் வந்த முதல் குளிர்காலம் எனக்கு நேற்றுப் போல இருக்கிறது. பட்டப்பகலில் பசியோடு பறந்து வந்து பனிமேல் விழுந்தன. செத்தவற்றை உன் அம்மா வாசலில் மண்வாரியால் அள்ளினாள். ஒன்றும் மிஞ்சாது என்றாள். மிஞ்சின. நன்றாகக் கொழுத்தவை, சுரங்க வாயருகே கடுங்குளிரில் தொங்குகிறவை. அவற்றின் குட்டிகளும் அப்படியே.

போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது மேசைமேல் ஒரு கோடு போட்டுக் காட்டினாயே, இறங்கி, பள்ளத்தில் கிடந்து, பிறகு ஏறுகிற கோடு. நோயைத் தாங்குகிறவை பெருகும் வேகம் மற்றவை சாகும் வேகத்தை முந்தினால் இனம் பிழைக்கும் என்றாய். பள்ளத்தின் அடியில் கொஞ்சம்தான் இருக்கும், அப்போது ஒரு சின்னக் கெட்டகாலம் போதும் என்றாய். நடுக்குளிரில் ஒரு தரம் விழித்தால் சேர்த்த கொழுப்பெல்லாம் எரியும் என்பதும் உன் வாயால் கேட்டதுதான்.

உன் மாணவர்களைக் குறை சொல்லவில்லை. சென்ற ஆண்டு காலணியைக் கழுவிக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டுதான் உள்ளே போனார்கள். ஆனாலும் அந்த வாரமே பனிமேல் சில கிடந்தன.

அதனால் சுரங்கத்தின் கம்பிக் கதவைப் பூட்டிவிட்டேன். இதைச் சொன்னதும் லோர்னா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "பெத்த பொண்ணு பொழப்புல மண்ணப் போடறியே கெழவா, நாலு வௌவாலுக்காகவா?" என்றாள். அதையும் எழுது என்றேன்.

மே மாதம் அந்தியில் அவை தாமாக வெளியே வரும். வாயிலில் உட்கார்ந்து எண்ணலாம். அதுவரை பல்கலைக்கழகம் பொறுக்குமோ என்னவோ. பொறுக்காவிட்டால், கோபத்தோடேயே வீட்டுக்கு வா. மாடி அறையைச் சூடாக்கி வைக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, மகளே. ஆண்டவர் உன்னைக் காக்கட்டும். இந்தக் குளிரில் உன்னையும் யாரும் எழுப்பாதிருக்கட்டும்.

அப்பா அர்மான்
(கீழே இருக்கும் சிலுவைக்குறி அவர் கையால் போட்டது. லோர்னா)