வாசல் அடைபட்ட ஈஸ்ட்

அன்புள்ள உனக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? அத்தைக்கு இருமல் நின்றதா?

பயப்பட ஒன்றுமில்லை, சின்னச் சொதப்பல்தான். ஓர் ஆய்வுக்கூடத்துக்கு நான் விற்ற, நுண்ணுயிர் வளர்க்கும் வெப்பப் பெட்டியைப் போன வாரம் நானே பொருத்தினேன். அங்கே ஆராய்ச்சி செய்யும் டாக்டரம்மா இருபத்தைந்து டிகிரியில் வைக்கச் சொல்லியிருந்தார். என் வாய் சரி என்றது. கை பழக்கதோஷத்தில், மற்ற இடங்களில் எப்போதும் வைக்கும் முப்பத்தேழை அமுக்கிவிட்டது. இரண்டு நாள் கழித்துப் போனால், இடுப்பில் கை வைத்து நிற்கிறார்.

"ஏங்க, என் ஈஸ்ட் அத்தனையும் போச்சு!"

செல்லின் கருவைச் சுற்றியுள்ள சுவரில் வாசல்கள் உண்டாம். அவற்றுக்கு நிலையும் கதவும் புரதங்கள்தானாம். ஈஸ்ட் என்றால் ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் நுண்ணுயிர்; அந்தப் புரதங்களில் ஒன்று பழுதான வகை இது. மிதமான சூட்டில் சமாளிக்கும். சூடு ஏறினால், கருவுக்குள் எழுதிய சேதி வெளியே வர வழியின்றித் தேங்கி, செல்லே செத்துவிடுமாம்.

மின்சாரத்தின் மேல் பழி போட்டிருக்கலாம். இந்த ஆய்வுக்கூடம் கைவிட்டால் என் கடை படுத்துவிடும் என்று தெரிந்தும், "தப்பு என்னுதும்மா" என்றேன்.

"பிரீசர்ல மிச்சம் வெச்சிருக்கேன், பொழச்சீங்க. ஒளிக்காம சொன்னீங்களே, அடுத்த பெட்டியும் உங்ககிட்டதான்" என்று டீ வாங்கிக் கொடுத்தார்.

அப்படிச் சொல்ல என்னைப் பழக்கியவள் நீ. "மறைச்சா ரெண்டு தடவ மாட்டுவீங்க" என்று கடை தொடங்கிய நாளிலிருந்து திட்டினாயே, அதுதான் காப்பாற்றியது.

என் பழைய மூக்குக்கண்ணாடியை அனுப்பு. கூடவே உன் கையெழுத்தில் ஏதாவது வை, பழைய மளிகைச் சீட்டானாலும் சரி.

உனக்கு நன்றி என்று இருபது வருடத்தில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. உள்ளேயே தேங்கிக் கிடந்தது. இப்போது சொல்லிவிட்டேன். சரக்கு வண்டி ஹாரன் அடிக்கிறது, ஓடுகிறேன்.

உன் வீட்டுக்காரன்